நடு மேசை

"பாண்டிச்சேரிக்குப் போறோம். பொங்கலுக்குக் கம்பெனி லீவு விட்டதும் கெளம்பறோம். கடக்கரையில காலாற நடக்கறோம், மியூசியம் பாக்கறோம், பிரெஞ்சு ஓட்டல்ல சாப்பிடறோம்."

மாமியார் தெய்வாத்தாள் இப்படிச் சொன்னதும் சாரதாமணிக்குச் சுருக்கென்றது.

"ஊரு பாக்கலாமுங்க அத்தை. ஓட்டல் மட்டும் வேண்டாமுங்க. அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அம்மிணி. போறோம்."

அவர் என்றது சாரதாமணியின் புருசன் மயில்சாமியை. ராயபுரத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன பனியன் கம்பெனி. ஆள் வராத ஒரு நாள் மயில்சாமி தானே கட்டிங் மெஷினில் நின்றான். வலது கை விரல்களை மெஷின் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகு இடது கையில்தான் சோறு. பொங்கலூரில் ஒரு கல்யாணப் பந்தியில், "நல்ல காரியத்துல பீச்சாங்கையில திங்கறான் பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பாதி இலையில் எழுந்து வந்தவன்தான். அன்றிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பாடு. பெண்டாட்டி பரிமாறினாலும் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

அப்படிப்பட்டவனை ஓட்டலில் உட்கார வைப்பதாம்! வயசான காலத்தில் இந்த அம்மாளுக்கு இப்படி ஒரு நாக்கா என்று சாரதாமணிக்கு ஆத்திரமாக வந்தது. மாமனார் ஆத்தப்பனிடம் போய் முறையிட்டாள்.

"நான் சொன்னாக் கேப்பாளா கண்ணு? கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து கேட்டதில்லை. இப்பப் புதுசாக் கேக்கப் போறாளாக்கும்!" என்று சிரித்துவிட்டு, வாடகை அம்பாசடரில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார் அவர்.

காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தார்கள். காற்று நன்றாக வீசியது. மயில்சாமி வலது கையைப் பேண்ட் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை.

பிறகு மியூசியம். ஆள் உயரக் கண்ணாடி, பல்லக்கு, ஏணி வைத்து ஏற வேண்டிய கட்டில் எல்லாம் பார்த்தார்கள். வெண்கல முருகன் சிலைக்கு முன்னால் வந்ததும் தெய்வாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றுவிட்டாள்.

"இங்க பூசையெல்லாம் கிடையாதும்மா," என்றார் காவலாளி.

"பூசை இல்லாட்டிப் போகுதுங்க. சாமி இருக்குதுல்ல?"

பக்கத்தில் நின்ற சாரதாமணியும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். முருகா, அந்த ஓட்டல் இன்றைக்குப் பூட்டியிருக்க வேண்டும்.

ஓட்டல் திறந்துதான் இருந்தது.

வெள்ளைத் துணி விரித்த மேசைகள். மூலையில், தூண் மறைவில் ஒரு மேசை காலி. சாரதாமணி ஓட்டமாகப் போய் அங்கே நாற்காலியை இழுத்தாள்.

"அது வேண்டாம். எல்லாரும் இங்க வாங்க," என்று தெய்வாத்தாள் நட்டநடுவில் இருந்த மேசையில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்க காலைப் புடிக்கறேனுங்க..."

"கம்முனு உக்காரு அம்மிணி."

சர்வர் வந்தார்.

"சோறு இருக்குதுங்களா?" என்றார் ஆத்தப்பன்.

"இல்லைங்க ஐயா. வெண்ணெயில் வாட்டின மீன் நல்லா இருக்கும். கூட உருளைக்கிழங்கு, ரொட்டி."

"ரசம்?"

"சூப் இருக்குங்க."

"மீனே கொண்டாங்க சாமி. நாலு பேருக்கும்," என்று தெய்வாத்தாள் பேச்சை முடித்தாள்.

தட்டுகள் வந்தன. வெண்ணெய் வாசம் மூக்கைத் துளைத்தது. மயில்சாமி எழுந்தான்.

"எனக்குப் பசியில்லைங்கம்மா. நீங்க சாப்பிடுங்க. நான் வெளிய நிக்கறேன்."

சாரதாமணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அவளும் எழுந்துவிட்டாள்.

"வாங்க, நானும் வர்றேன். உங்க நாக்கு ருசிக்கு இவரை ஏனுங்க அத்தை இப்படிச் சந்தி சிரிக்க வெக்கறீங்க?"

தெய்வாத்தாள் மகனைத்தான் பார்த்தாள்.

"போலாம் சாமி. போறதுக்கு மின்னால சுத்தி ஒருக்காப் பாரு."

மயில்சாமி பார்த்தான். சாரதாமணியும் பார்த்தாள்.

இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அந்தப் பக்கம் கோட்டுப் போட்ட பாண்டிச்சேரித் தமிழர் ஒருவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு. ஜன்னலோரம் வெள்ளைக்காரப் பெண்கள். எல்லார் வலது கையிலும் கத்தி. அது தட்டை விட்டு எழவே இல்லை. முள்கரண்டியோடு வாய்க்குப் போய் வந்ததெல்லாம் இடது கைதான்.

"ஐப்பசியில நம்ம பனியனை வாங்கறதுக்கு வந்தாரே பிரெஞ்சுக்கார பையர், அவருக்கு நம்மூட்டுல நான்தானே பரிமாறினேன்?" என்றாள் தெய்வாத்தாள். "எத்தாப்பெரிய மனுசன், இடது கையிலயே உண்டு முடிச்சுட்டு எந்திரிச்சாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஊரே இப்படிச் சாப்பிடற ஒரு எடத்துல, நடுவுல, என்ற பையனை உக்கார வெச்சே தீரோணும்னு."

மயில்சாமி மெல்ல உட்கார்ந்தான். இடது கையால் முள்கரண்டியை எடுத்தான். மீன் தொட்டதும் உதிர்ந்தது. ஒரு வாய் வைத்தான். அடுத்த வாய்க்கு அவசரமாகக் கை போனது.

சாரதாமணிக்குத் தட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. குனிந்துகொண்டாள்.

தெய்வாத்தாள் வழக்கம்போல வலது கையால் ரொட்டியைப் பிய்த்து, வெண்ணெயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மயில்சாமி நிமிர்ந்தான். அவன் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"அம்மா, கையை மாத்துங்க. எல்லாரும் பாக்கறாங்கல்ல?"