பெயர் சொல்லிக் கேட்டது

கடைசிப் பாட்டு முடிந்ததும் தியாகலிங்கம் இடப்பக்கத் தபேலாவில் நாதம் கனக்க அப்பியிருந்த கோதுமை மாவைச் சுரண்டத் தொடங்கினார்.

அன்று ஞாயிறு. மொன்றியல் குருத்வாராவில் இருநூறு பேருக்கு மேல் கம்பளத்தில் சம்மணமிட்டு இருந்தார்கள். இங்கிலாந்தில் மூன்று கிழமை ஊர் ஊராகப் பாடிவிட்டு வந்த கீர்த்தனைக் குழு என்பதால் வழக்கத்தைவிடக் கூட்டம்.

குழுவில் மூன்று பேர். ஆர்மோனியத்தோடு பாடும் பல்தேவ் சிங், கூடப் பாடும் அவருடைய தம்பி, தபேலாவுக்குத் தியாகலிங்கம். இரண்டு தலைப்பாகைகளுக்குப் பக்கத்தில் காவித் துணி கட்டிய ஒரு யாழ்ப்பாணத் தலை.

டோர்வலில் விமானச் சாப்பாடு பெட்டியில் அடைக்கும் இடத்தில் அந்தத் தம்பிக்கும் இவருக்கும் ஒரே வேலை. தட்டுகளின் மேல் இவர் விரல்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். ஊரில் மிருதங்கம் பழகிய கை. எட்டு வருடத்தில் நைரோபி, கோலாலம்பூர், கலிபோர்னியா என்று சுற்றியாயிற்று. பாட்டின் பொருள் இன்னும் பாதிதான் விளங்கும். சாமி எது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

பெண்கள் பக்கத்தில், மூன்றாவது வரிசையில், அவருடைய மனைவி குணேஸ்வரி இருந்தாள்.

அவள் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. காலையில் கோட்-டெ-நெய்ஜ் வீட்டில் அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சேலை உடுத்து வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அவையள் கடைசியிலை பேர் சொல்லிக் கும்பிடுவினமெல்லே? எங்கடை பிள்ளையின்ரை பேரையும் சொல்லச் சொல்லுங்கோ."

பிள்ளை என்றால் தனுஷா. ஒரே பிள்ளை.

பதினாலு வயதில் அவளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு இவர்கள் கனடா வந்தார்கள். ஒரு வருடத்தில் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். கடதாசிகள் சரிவர எட்டு வருடம் எடுத்தது. அதற்குள் பெற்றோர் கூப்பிடக்கூடிய வயதைப் பிள்ளை கடந்துவிட்டது என்று கடிதம் வந்தது.

அவள் கிளிநொச்சியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். ஜனவரியில் சனத்தோடு சனமாக முல்லைத்தீவுப் பக்கம் இடம்பெயர்ந்தாள். அதோடு தொலைபேசி நின்றது.

வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கப் பயந்துதான் தியாகலிங்கம் இங்கிலாந்து போனார். அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது யுத்தம் முடிந்தது என்று அறிவித்து ஆறு நாள். முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல்களை குணேஸ்வரி யார் யாரிடமோ கேட்டு வாங்கியிருந்தாள். வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். தனுஷா என்று நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் தகப்பன் பெயர் வேறு.

சபை முழுவதும் எழுந்து கைகூப்பி நின்றது. வேண்டுதல் சொல்லப்போகிற பல்தேவ் சிங் தியாகலிங்கத்தின் பக்கம் குனிந்தார்.

"லிங்கம் ஜீ, மகளுக்கு என்ன கேட்கட்டும்?"

சாதாரணக் கேள்விதான். விசாவுக்கு, பரீட்சைக்கு, பிள்ளைப் பேற்றுக்கு, செத்தவரின் ஆத்ம சாந்திக்கு என்று இந்த இடத்தில் பல்தேவ் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். எதற்கு என்று சொன்னால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

தியாகலிங்கம் விரலில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தார்.

அவர் குணேஸ்வரியைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தாள். கூப்பிய கைகளை நெஞ்சில் வைக்காமல் வாயோடு சேர்த்து அழுத்தியிருந்தாள்.

"சுகமாக எங்களிடம் வந்து சேரட்டும் என்று கேளுங்கள்" என்றார், தெரிந்த பஞ்சாபியில்.

பல்தேவ் சிங் அப்படியே கேட்டார். பெயர் அவர் வாயில் 'தனீஷா' என்று வந்தது. முன்பின் அறியாத இருநூறு பேர் அவளுக்காக 'வாஹேகுரு' என்றார்கள்.

குணேஸ்வரிக்கு அந்தப் பாஷை தெரியாது. பெயர் மட்டும் விளங்கியது. கண்களை மூடிக்கொண்டாள்.

தியாகலிங்கத்தால் மூட முடியவில்லை. மூடினால் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம் வந்துவிடும்.

மே எட்டாம் திகதி, அங்கே மேடையேறக் கால் மணி நேரம் இருக்கையில் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் அருமைராசா. தனுஷாவின் பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவன். காயக்காரரை ஏற்றி வந்த கப்பலில் தப்பி, திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"அண்ணை, பிள்ளையைப் புதைக்கக் குழி நான்தான் வெட்டினனான்" என்றான்.

அன்று பின்னேரம் தியாகலிங்கம் வாசித்தார். அதற்குப் பிறகு இன்னும் ஒன்பது ஊர்களில் வாசித்தார். பல்தேவிடமும் சொல்லவில்லை. இதைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய் நேரில் சொல்வோம் என்று நாளைக் கடத்தினார். வாசலில் குணேஸ்வரியின் முகத்தைக் கண்டதும் அதுவும் முடியாமல் போயிற்று.

அருமைராசா அன்று முதலில் எடுத்தது மொன்றியல் வீட்டுக்குத்தான். அழைப்பைக் குணேஸ்வரிதான் எடுத்திருக்கிறாள். தாயிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அண்ணையோடு கதைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

அவள் இங்கிலாந்து எண்ணைக் கொடுத்தாளாம். பிழை வராமல், ஒவ்வொரு இலக்கமாக, இரண்டு தரம் சொன்னாளாம்.

நீர் ஆர், எங்கேயிருந்து எடுக்கிறீர், என்ன விஷயம் என்று அவள் கேட்கவேயில்லையாம்.