துவைக்காத ராசி

ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கடை டிவியில் கால்பந்து மேட்ச் பார்த்துவிட்டு, இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் போல சைகோன் நகரின் கான் ஹொய் பகுதியிலுள்ள தன் வீட்டுக்குள் நுழைந்தார் அபுல் ஹசன்.

"என்ன மச்சான், தோத்துட்டாங்களா?" என்றாள் மனைவி நஸீம் பானு.

"நேத்து சைகோன் டீமும் பாரிஸ் டீமும் மண்ணைக் கவ்வுச்சு. இன்னைக்கு லண்டன் டீமும் போச்சு. மூணும் நம்ம டீம், புள்ள! சீசன் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணுகூடத் தோத்ததில்லே."

அத்தனை வெற்றிக்கும் காரணம் தான் போட்டிருக்கும் சிவப்புச் சட்டைதான் என்பது அவருடைய நம்பிக்கை. துவைத்தால் ராசி போய்விடும் என்று அதன் பக்கம் சோப்பை அண்டவிடவில்லை. நாற்றம் தாங்காமல், காப்பிக்கடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலிகள் எப்போதும் காலியாகவே இருக்கும்.

சட்டையைக் கழற்றி மூலையில் வீசினார். "இனி எதுக்கு இந்த ராசி? துவைச்சுப் போடு."

நஸீம் பானு திருதிருவென்று விழித்தாள். "கோவிக்காதீங்க மச்சான். வாராவாரம் நீங்க ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் துவைச்சுக் காயப்போட்டுடுவேன். உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு, காஞ்சதும் ரெண்டு சொட்டு மீன் சாஸைத் தெளிச்சு வச்சிடுவேன்."

"அடிப்பாவி! நீ துவைச்சதாலதான் தோத்துட்டாங்க!"

"இந்த வாரம் எங்கே துவைச்சேன்? வெள்ளிக்கிழமை பூரா மழை. காயாதுன்னு விட்டுட்டேன்."

அபுல் ஹசன் மூலையில் கிடந்த சட்டையை எடுத்து, பயபக்தியோடு அவள் கையில் கொடுத்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை புயலே அடிச்சாலும் துவைச்சுடு, புள்ள. அந்த மீன் சாஸையும் மறந்துடாதே!"