வேலிக்கு அந்தப் பக்கம்

அவன் அதன் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பழைய பனியன் துணி. முதலில் தோள். பிறகு முழங்கை. கடைசியில், அட்டைப்பெட்டியை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வாய்கள். ஒவ்வொன்றாக. அவசரமே இல்லாமல்.

அவள் மஞ்சள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். பார்க்காதது போலவும் இருந்தாள்.

பிஸ்கட் கிடங்குக்கு அந்த ரோபோ போன வாரம்தான் வந்தது. பெல்ட்டில் வரும் பெட்டிகளை எடுத்து மரப் பேலட்டின் மேல் அடுக்குவது அதன் வேலை. அதுவரை அவளுடைய வேலை. தணிகைவேல் எடுத்துக் கொடுப்பான். அவள் வாங்கி அடுக்குவாள். ஒரு வரிசை நெடுக்காக, அடுத்தது குறுக்காக. மூன்று வருடம் எதிரெதிரே நின்றார்கள்.

அவன் பெட்டியைத்தான் பார்ப்பான். அவளை நிமிர்ந்து பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

இப்போது அவள், அடுக்கிய பேலட்டுக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றும் மூலையில். அவன் வேலிக்குள்.

எப்படி அடுக்குவது என்று அவன்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தான். பக்கத்திலேயே நின்று, பொத்தானை அழுத்தி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி நகர்த்தி. மதியச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை.

அவளிடம் அவன் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

லாரியில் இருந்து இறக்கிய அன்றே பூஜை போட்டார்கள். காலடியில் எலுமிச்சம்பழம். யாரோ மல்லிகைச் சரத்தை அதன் மணிக்கட்டில் சுற்றினார்கள். குங்குமம் வைத்தது அவன். மோதிர விரலால்.

சாயங்காலம் பஸ்ஸில் அவன் கம்பியைப் பிடித்து நின்றான். அந்த விரல் நுனியில் சிவப்பு அப்படியே இருந்தது.

"என்னடி, உன் சக்களத்தி எப்படி இருக்கா?"

எஸ்தர் அக்கா, தாள் சுருளை உருட்டிக்கொண்டே கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சக்களத்தி வருவதற்கு முதலில் ஒரு இடம் இருந்திருக்க வேண்டும். பறிகொடுக்க அவளிடம் என்ன இருந்தது? ஒரு பெட்டி கைமாறும் நேரம்.

குனிந்து தாளை இழுத்தாள். கோட்டின் கை நழுவி விரல்களை மூடியது. ஆண்களுக்குத் தைத்த நீலக் கோட்டு. எல்லோருக்கும் ஒரே அளவு. அடுக்கிக்கொண்டிருந்தபோதும் இதே தொல்லைதான். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அதை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த பெட்டிக்குக் கை நீட்டுவாள்.

இன்றைக்குத்தான் ரோபோவை முதல்முறையாக முழுதாக ஓட்டுகிறார்கள். எல்லோரும் வேலிப் பக்கம் வந்து நின்றார்கள்.

பெல்ட் ஓடியது. அது பெட்டியைத் தூக்கியது. திரும்பியது. வைத்தது. சத்தமில்லாமல், அழகாக. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வரிசை நிரம்பியது.

அடுத்த பெட்டியை எடுத்தது. பாதி வழியில், பெட்டியை ஏந்தியபடி நின்றது.

பிறகு நகர்ந்தது.

அடுத்த வரிசை முடிந்ததும் அதேபோல் நின்றது.

சூப்பர்வைசர் கிட்டே வந்தார். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஏன் நிற்கிறது, கோளாறா என்று கேட்டார்.

"கோளாறு இல்ல சார். அங்க நிக்கணும்."

எதற்கு என்று கேட்டார்.

அவன் கையிலிருந்த துணியை மடித்தான். மடித்ததை மறுபடி மடித்தான்.

வீணாக நேரம் போகிறது, நாளைக்குள் அதை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் சுருளைக் கீழே வைத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வரிசை நிரம்பியது.

ரோபோ பெட்டியோடு நின்றது.

அவள் கோட்டின் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிக்கொண்டாள்.

அது நகர்ந்தது.