மீன்தொட்டி மேல் ஒரு கேள்வி

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், எங்கள் கடலோர ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். தேவாலயத்துக்குப் பின்னால், பாறைமேல் கவிழ்த்துப் போட்ட மீன்தொட்டியில், அதாவது படகில் பிடித்த மீனைக் கொட்டிவைக்கும் பெரிய தொட்டியில், ஏறி நின்றால். அதிலும் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே எல்லாருக்கும் ஸ்பீக்கர் பேச்சுதான். மாலை வெயிலில் கடல் செம்பாக மின்னுகிறது. தொட்டிமேல் நிற்பவர் நண்டு பிடிக்கும் ஹெட்லி. புதுச் சட்டை போட்டிருக்கிறார். எங்கள் முறைக்காக ஆறு பேர் கீழே காத்திருக்கிறோம்.

"வெர்னா, என்னைக் கட்டிக்கிறியா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்கிறார்.

அவருடைய வெர்னா ஹாலிஃபாக்ஸ் நகரில் வேலை பார்க்கிறாள். போனில் காற்று இரைகிறது. எங்களோடு காத்திருக்கும் மேவிஸ் தன் நாயின் வாயைப் பொத்திக்கொள்கிறாள். நான் இருமலை விழுங்குகிறேன்.

"பக்கத்துல யாரு இருக்கா?" வெர்னாவின் குரல்.

"ஒருத்தரும் இல்ல."

"பொய் சொல்லாத. தொட்டி மேலதான நிக்கிற?"

ஹெட்லி எங்களைப் பார்த்து விழிக்கிறார். "ஆறு பேரு. அப்புறம் ஒரு நாய்."

"நல்லதாப் போச்சு. நான் சரின்னு சொல்றத அவங்களும் கேட்டுக்கட்டும். அப்புறம் நீ மாத்திப் பேச முடியாது பாரு."