உட்காராத கணக்கு

மாற்று இடுப்பு மூட்டின் உலோகக் குண்டுக்கு, ஆய்வகக் கணினி அன்று உறுமிய சத்தம் இன்னும் நினைவிருந்தது. "உனக்கும் நீ சுழலும் கிண்ணத்துக்கும் நடுவே எப்போதும் மூட்டு நீர் இருக்கும். நீங்கள் உரசவே மாட்டீர்கள்" என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தது.

அதை நம்பித்தான் இருவரும் ஜெசிந்தா டீச்சரின் இடுப்பில் குடியேறினார்கள். டீச்சர் நடந்தவரை சுகமாகவே வழுக்கியது. ஒரு மாலை வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். நடுவில் இருந்த நீர் பிதுங்கிப் போயிருந்தது. கறக்!

"என்னைச் சுரண்டுறியேடா, மடையா!" என்று அலறியது கிண்ணம்.

"கணக்குல இது வரலையே!"

"கணக்குல டீச்சர் உட்கார்ந்தாங்களா?"

குண்டு யோசித்தது. கணினி தன் கணக்கில் அவரை நடக்க மட்டுமே வைத்திருந்தது; ஒருநாளும் உட்காரவைக்கவில்லை.

அந்தக் 'கறக்' கேட்டிருந்த டீச்சர், மறுநாள் நாற்காலியிலிருந்து எழுமுன் காலைச் சற்று ஆட்டிக்கொண்டார். நீர் திரும்பி வந்தது.

கணினி இப்போது தன் கணக்கில் ஒரு மாற்று முழங்காலை நடக்கவைத்துக்கொண்டிருக்கிறது, நிற்காமல்.