ஒரு செம்புத் தண்ணீர்

இரண்டு மாதம் குடும்பத்தோடு மகன் வீட்டில் தங்கப் போன என் தம்பி செண்பகராமன், அடுத்த வாசலில் உள்ள தன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணே, வாரம் ஒருக்கா பாத்ரூம் ஓட்டையில ஒரு செம்புத் தண்ணி ஊத்திருங்க. அதுல தண்ணி வத்திட்டா சாக்கடை நாத்தம் வீட்டுக்குள்ள ஏறிரும்."

சரி என்றேன். ஊற்றவில்லை. மகன் கல்யாணத்தில், மூத்தவன் நான் உயிரோடிருக்க, சம்பந்தியை வரவேற்கத் தன் மைத்துனனை வாசலில் நிறுத்தியவன் அவன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கதவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுப் பூட்டினேன். ஒன்பதாவது திங்கட்கிழமை நாற்றம் வாசல்படியிலேயே முகத்தில் அடித்தது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நேற்று, தாமதமாக வந்த ரயிலிலிருந்து இறங்கிய தம்பி நேராக என்னிடம் வந்தான். காலில் விழுந்தான்.

"போன தடவ தப்புப் பண்ணிட்டேண்ணே. என் மக வடிவைப் பொண்ணு பாக்க இப்ப வந்துட்டே இருக்காங்க. நீங்கதான் வாசல்ல நின்னு கூப்பிடணும்."

புது வேட்டியும் சந்தனக் கிண்ணமும் என் கைக்கு வந்தன. சாவியை வாங்கிக் கதவைத் திறந்த தம்பி மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "ஐயோ, என்ன இது, எலி கிலி செத்துக் கெடக்கா?"

தம்பி என்னைப் பார்த்தான். "ஊத்தினீங்கல்லண்ணே?"

அதற்குள் கார் வந்து நின்றது. கிண்ணத்தோடு வாசலில் நிமிர்ந்து நின்றேன். எனக்கு முன்னால் நாற்றம் படியிறங்கி அவர்களை வரவேற்கப் போனது.