இருபத்தெட்டும் பதினைந்தும்

"வா தாயே, உன் நம்பரும் போர்டுல ஏறிடுச்சு!"

உள்ளே நுழைந்ததுமே பார்சல் ஒட்டும் பெரியக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மருந்து பார்சல் அனுப்பும் அந்தக் கம்பெனியின் முதல் மாடியில் புதிதாக ஒரு வெள்ளைப் போர்டு. 'இந்த மாத இலக்கு' என்று இரண்டே வரி.

'தவறான பார்சல்: 9 → 0.'

'செக்கிங் ஆள் மேஜையில் இல்லாத நேரம்: 28 நிமிடம் → 15 நிமிடம்.'

செக்கிங் ஆள் என்றால் அவள்தான். சீட்டில் எழுதியிருக்கும் மாத்திரையும் பெட்டியில் இருக்கும் மாத்திரையும் ஒன்றுதானா என்று பார்த்து அவள் முத்திரை குத்தினால்தான் பெட்டி வெளியே போகும். அவள் இல்லாத நேரத்தில் பெரியக்கா குத்துவாள்.

அந்த இருபத்தெட்டு நிமிடமும் அவளுடையதுதான். வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. மதியம் ஒரு தடவை பால் எடுத்து வைக்காவிட்டால் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும். கீழே போய் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, மூன்றாம் மாடி ஸ்டோர் ரூமுக்கு ஏறி, பம்ப் வைத்துப் பால் எடுத்து, மறுபடி கீழே இறங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டு மேலே வர வேண்டும்.

"ஸ்டாப்வாட்ச் வேலையா?" என்றாள்.

"வேற யாரு? வாட்ச்மேனோட சாவி நோட்டைப் பக்கம் பக்கமா போட்டோ புடிச்சுக்கிட்டுப் போனாராம்."

ஸ்டாப்வாட்ச் என்பது புது மேனேஜர். செக்கிங் மேஜைக்கு நேர் எதிரே கண்ணாடி ரூம் அவருக்கு. வந்த இரண்டே மாதத்தில் கட்டடத்தில் சுவருக்குச் சுவர் கடிகாரம் மாட்டிவிட்டார். பெட்டி மடிக்க எத்தனை விநாடி, டேப் ஒட்ட எத்தனை விநாடி என்று கையில் வாட்சோடு வந்து நிற்பார். யாராவது "ஒரு அஞ்சு, பத்து நிமிஷம் ஆகும் சார்" என்றால் போதும். "அஞ்சா, பத்தா? உத்தேசம் வேண்டாம், நம்பர் சொல்லுங்க."

"பச்சை உடம்புக்காரிக்குமா டைம் வைப்பாரு மனுஷன்? இவரை இவரு அம்மா வாட்சைப் பார்த்தா வளர்த்தாங்க?" பெரியக்கா பல்லைக் கடித்தாள்.

அன்று அவள் படியில் ஓடினாள். இரண்டு இரண்டாகத் தாவினாள். இருபத்திரண்டு நிமிடம்.

மறுநாள் பாதியிலேயே பம்பை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். பத்தொன்பது. பாட்டிலில் பால் அடிமட்டத்தைத் தாண்டவில்லை.

வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் சொன்னாள். "அத்தை, திங்கக்கிழமையிலேருந்து மதியத்துக்குப் பவுடர் பால் கரைச்சிடுங்க."

"குறை மாசத்துல பொறந்த பிள்ளைடி. ஆறு மாசம் வரைக்கும் வேற எதுவும் வேண்டாம்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே?"

"வேலை வேணுமே அத்தை."



திங்கட்கிழமை முதல், நெஞ்சு கட்டினாலும் பம்ப் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். ஆனாலும் கை பழக்கத்தில் அதைப் பையில் போட்டுவிட்டிருந்தது. பன்னிரண்டு மணி தாண்டியும் அவள் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஸ்டாப்வாட்ச் எதிரில் வந்து நின்றார். "பன்னிரண்டு பத்து. ஏன் இன்னும் கிளம்பலை?"

"இனிமே போக மாட்டேன் சார். பாப்பாவுக்குப் பவுடர் பால் சொல்லிட்டேன். போர்டுல பூஜ்யம்னே எழுதிக்கோங்க."

"நான் பூஜ்யம் கேட்கலையே? பதினஞ்சுதானே கேட்டேன்?"

பெரியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பதினஞ்சுல போயிட்டு வர அவளுக்கென்ன றெக்கையா முளைச்சிருக்கு சார்?"

"முடியாதுதான். நானே வாட்சைப் புடிச்சுக்கிட்டு ஏறி இறங்கிப் பார்த்துட்டேன். படிக்கும் சாவிக்கும் மட்டும் பதிமூணு நிமிஷம். இருபத்தெட்டுல அதைக் கழிங்க."

"பதினஞ்சு" என்றாள் அவள் மெல்ல.

"அந்தப் பதினஞ்சு உங்க பாப்பாவோடது. அதுல நான் கை வைக்கலை. பதிமூணு இந்தக் கட்டடத்தோட தப்பு. அதைத்தான் எடுக்கப் போறேன்." பெரியக்கா பக்கம் திரும்பினார். "போன மாசம் தப்பாப் போன ஒன்பது பார்சல்ல ஏழு, இவங்க இல்லாதப்போ போனது. முத்திரை குத்தினது யாரு?"

பெரியக்கா எதையோ தேடுவதுபோல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

"பார்சல் வண்டி பன்னிரண்டே முக்காலுக்குத்தான் வருது. பதினஞ்சு நிமிஷம்னா பெட்டி காத்திருக்கும், இவங்களே வந்து பார்த்துக்கலாம். இருபத்தெட்டுன்னாதான் அவசரத்துல கண்ணை மூடிக்கிட்டுக் குத்துறீங்க."

"அப்போ... நான் எங்கே போறது சார்?"

அவர் எதிரே கை காட்டினார். காலையிலிருந்து பெட்டிகளை விட்டு நிமிராத அவள் அப்போதுதான் கவனித்தாள். கண்ணாடி ரூமின் நாலு பக்கமும் உள்ளேயிருந்து பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது.

"அது உங்க ரூமாச்சே!"

"என் மேஜை ஸ்டோர் ரூமுக்குப் போயாச்சு. இரக்கம் அது இதுன்னு நினைக்காதீங்க. நம்பர்படி கம்பெனிக்கு இதுதான் லாபம். பதினஞ்சு, ஞாபகம் இருக்கட்டும்!" கறாராக வாட்சைத் தட்டிக் காட்டிவிட்டு, மூன்றாம் மாடிக்குப் படியேறத் தொடங்கினார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவில் புதுத் தாழ்ப்பாள். சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, கைக்கெட்டும் உயரத்தில் பிளக்.

பம்பைப் பொருத்திவிட்டு, மணி பார்க்க அவசரமாக நிமிர்ந்தாள்.

சுவருக்குச் சுவர் கடிகாரம் மாட்டிய அந்தக் கட்டடத்தில், இந்த ஒரு சுவரில் மட்டும் வெறும் ஆணி இருந்தது.